வெண்ணெய்க் கடதாசிக்குக் கையுறை

செத்த வீட்டில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதனை இந்த வயது வரைக்கும் நான் ஒரு தரந்தான் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் காணிப் பாலன். கனடாவிலிருந்து தாயின் செத்த வீட்டுக்கு வந்தவன். கையுறை போட்ட விரல்களால் அவன் பக்குவமாகப் பிடித்திருந்தது ஒரு வெண்ணெய்க் கடதாசி.

வெண்ணெய் இல்லை. வெண்ணெய் சுற்றிய கடதாசி மட்டும். வெண்ணெயை யாரோ ஒரு வெள்ளைக்காரர் நூறு வருசத்துக்கு முந்தியே பாணில் பூசித் தின்று முடித்துவிட்டார்.

தாய் நாகம்மாவை எரித்து ஒரு கிழமை ஆகியிருக்கும். விசுவமடுவில் அவர்கள் வீட்டு முற்றத்துத் தகரப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகள் வெயிலில் சூடாகி, உட்காருகிறவர்களை எழுப்பிக்கொண்டிருந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், தாய் எப்படிச் செத்தா, கடைசியாக என்ன கேட்டா என்று விசாரிக்க வாயைத் திறந்தால், பாலன் சூட்கேசைத் திறந்தான்.

"ரீச்சர், இதைப் பாருங்கோ. மாட்டின்ர படம் இன்னும் மங்கேல்லை."

பார்த்தேன். பழுப்பேறிய கடதாசியில் நீல மையில் ஒரு மாடு. எல்லா மாடுகளையும் போலத்தான் இருந்தது. விரலை நீட்டினேன். பாலன் கடதாசியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான். கையில் எண்ணெய்ப் பசை இருக்குமாம், பட்டால் கெட்டுப்போகுமாம். சின்ன வயதில் அவனுக்கு அகரம் எழுதப் பிடித்துக்கொடுத்த கை இது.

போன கிழமை இந்தப் பத்தியில் பாடசாலைத் தேநீரைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு முன்னாள் அதிபர் கோபித்துக்கொண்டதாகக் கேள்வி. இந்தக் கிழமை அவர் நிம்மதியாக இருக்கலாம். இது செத்த வீட்டுக் கதை.

கோதுமையும் வானமும்

கனடா என்றால் எங்கள் சனத்துக்கு ரொறன்ரோதான். பாலனும் முதலில் அங்கேதான் இருந்தான். அங்கிருந்த சொந்தக்காரர், ஊர்ச் சங்கம், கோயில் சபை என்று எல்லாரோடும் ஒழுங்காகச் சண்டை பிடித்து முடித்த பிறகு, சண்டை பிடிக்க ஆளில்லாத ஒரு மாகாணமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தான். சஸ்கச்சுவான் என்று பெயர். கடலும் இல்லை, மலையும் இல்லை. கோதுமையும் வானமும் மட்டும். கோதுமை சேமிக்கும் ஒரு களஞ்சியத்தில் அவனுக்கு வேலை.

வருசத்தில் பாதி அங்கே பனி. அந்தப் பாதியில் சிலர் குடிப்பார்கள், சிலர் கும்பிடுவார்கள். பாலன் பழைய பண்ணை ஏலங்களுக்குப் போகத் தொடங்கினான். அங்கே ஒரு கிழட்டு விவசாயி செத்தால் பிள்ளைகள் முற்றத்தில் எல்லாவற்றையும் பரப்பி விற்பார்களாம். உழவு மெசின் போகும், கட்டில் போகும், கோழிக்கூடு போகும். கடைசியில் ஒருவரும் வேண்டாத ஒரு பெட்டி கடதாசி மிஞ்சும். அந்தப் பெட்டி பாலனுக்கு.

அப்படிச் சேர்த்ததில் நல்லவற்றை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பையில் போட்டு, தாயின் செத்த வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். வீட்டில் விட்டுவிட்டு வர மனமில்லை என்றான். தாயை இருபது வருசத்துக்கு மேலாக இங்கே விட்டுவிட்டு இருந்தவன்.

தக்காளி விதைப் பைக்கற் இருந்தது. ஒரு மாவுக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த கலண்டர் இருந்தது. மீன் ரின்னில் இருந்து உரித்தெடுத்த லேபல் இருந்தது. நூலில் கட்டிய குட்டிப் பென்சிலோடு ஒரு சின்ன அட்டையும் இருந்தது. ஊர்க் கொண்டாட்டத்தில் எந்தப் பாட்டுக்கு எந்த இளந்தாரியோடு ஆடுவது என்று குமர்ப்பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிவைக்கிற அட்டை. மூலையில் இருந்த ஒரு மனுசி, அப்ப தகப்பன்மார் எங்க நிண்டவை என்று மெல்லக் கேட்டா. செத்த வீட்டில் சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஸ்ரம் என்று அன்று எனக்கு விளங்கியது.

எல்லாவற்றிலும் பெரியது ஒரு விளம்பரப் படம். பொன்னிறக் கோதுமை, கொழுத்த குதிரை, அதைவிடக் கொழுத்த ஒரு பெண்பிள்ளை, வந்து குடியேறுங்கள் என்று கொட்டை எழுத்து. நூற்றி அறுபது ஏக்கர் நிலம் ஏறக்குறையச் சும்மா கொடுத்தார்களாம். வீடு கட்டவேண்டும், மூன்று வருசத்தில் உழுது காட்டவேண்டும், அவ்வளவுதான்.

கந்தையர் அந்தப் படத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். குடியேற்றத் திட்டம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து நாகம்மாவின் குடும்பத்தோடு ஒரே லொறியில் வந்து இறங்கியவர் அவர். யானை இருந்ததோ என்று கேட்டார். இல்லை என்றான் பாலன். குளம் இருந்ததோ என்று கேட்டார். மழை மட்டுந்தான் என்றான். பனி எவ்வளவு காலம் என்று கேட்டார். அதையும் சொன்னான். கந்தையர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்களையும் உப்பிடித்தான் ஏமாத்திக் கூட்டிக்கொண்டு வந்தவங்கள். ஆனா படம் ஒண்டும் காட்டேல்லை."

பாலன் அதைக் காதில் போடவில்லை. அந்தப் புல்வெளியில் மரம் இல்லாதபடியால், புல்லோடு சேர்த்து மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டிய குடியேற்றக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தான். மழை பெய்தால் கூரையில் இருந்து சேறு ஒழுகுமாம். பிள்ளைப்பெறுவுக்கு மருத்துவிச்சி வர ஒரு பகல் ஆகுமாம். சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது.

இதே காணியில், காடு வெட்டிய அடுத்த வருசம், மண் சுவர் வைத்த கொட்டிலில் நாகம்மா அவனைப் பெற்றா. மருத்துவிச்சியை உழவு மெசின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் கொட்டில் இருந்த இடத்தில்தான் அன்று அவனுடைய கதிரை கிடந்தது. அதற்கு அவன் ஒருநாளும் தழுதழுத்ததில்லை.

பையோடு போனவை

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு வீடு துப்பரவாக்கியதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

நாகம்மாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு சீலைக்கடைப் பை இருந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அவா அரிசியை விட்டுவிட்டுக்கூடப் போயிருக்கிறா, அந்தப் பையை விடவில்லை. கூப்பன் மட்டை, கிளினிக் கொப்பி, முகாமில் கழுத்தில் போடக் கொடுத்த மட்டை, புளியங்குளத்துக்குப் போன பஸ் ரிக்கற், கோயில் அர்ச்சனைத் துண்டுகள், புருசன் கடைசியாகக் குடித்த மருந்தின் வெறும் பைக்கற். எல்லாம் அதற்குள் இருந்தது எனக்குத் தெரியும். நீரில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, கருவாடு போல மணக்கும்.

பாலன் அதைப் பாயோடும் தலையணையோடும் சேர்த்து வேலிக் கரையில் போட்டுக் கொளுத்தினான். கையுறை போடவில்லை.

என்ன பாலன் இது என்று கேட்டேன். ஒரே ஊத்தை ரீச்சர், பூச்சி வரும் என்றான். எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் படித்த பிள்ளை என்றபடியால் இன்னும் கூடுதலாக வந்தது. உன் தாயும் வெண்ணெய்க் கடதாசி சேர்த்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான் என்று பிறகு அறிந்தேன்.

கடைசிப் பக்கத்து அரசியல்

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கல்வெட்டு என்றால் எங்களிடம் கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிகிற அன்று, அவருடைய சரித்திரத்தையும் புலம்பல் பாட்டுகளையும் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன் சபையில் ஒருவர் அதை இராகத்தோடு வாசிக்கவேண்டும். பெண்கள் அழவேண்டும். பிறகுதான் சாப்பாடு.

இந்தப் பக்கத்தில் கல்வெட்டுப் பாட்டு எழுதுவதும் வாசிப்பதும் நான்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள் என்றபடியால் தலையில் விழுந்த வேலை. கமக்காரருக்கு ஒரு பாட்டு, உத்தியோகத்தருக்கு ஒரு பாட்டு, கிழவிகளுக்கு ஒரு பாட்டு எப்போதும் கைவசம் இருக்கும். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். வேலிக்கு அப்பால் விழுந்த தேங்காயைக்கூட விட்டுக்கொடுக்காதவர் என் கையில் வள்ளலாகியிருக்கிறார். பெண்சாதியோடு ஒருநாள் சிரித்துப் பேசாதவர் இல்லறத்தின் விளக்காகியிருக்கிறார். செத்தவர்கள் யாரும் ஆட்சேபித்ததில்லை.

ஆனால் என் பாட்டை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். புத்தகம் கைக்கு வந்ததும் எல்லாரும் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். மக்கள் யார், மருமக்கள் யார், யாருடைய பெயர் முதலில், யாருடையது கீழே, யாருடையது இல்லை. அந்தப் பக்கத்தால் அண்ணன் தம்பி பேச்சு விட்டிருக்கிறார்கள். ஒரு கலியாணம் குழம்பியிருக்கிறது. செத்தவரை எரித்தாலும் அந்தப் பக்கம் மட்டும் அணையாது, எரிந்துகொண்டே இருக்கும்.

தவமணி கேட்டது

நாகம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பாலன். அடுத்தவள் செல்வி, ஜேர்மனியில் இருக்கிறாள். கடைசி தவமணி, இங்கேயே இருந்தவள்.

இருந்தவள் என்று சொல்வது குறைவு. கடைசி இடம்பெயர்விலும் தாயை விடாமல் கூட்டிக்கொண்டு போனவள், திரும்ப இந்தக் காணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள், தாய் படுக்கையில் விழுந்த பிறகு கழுவித் துடைத்தவள். அவளோடு சேர்ந்து அதையெல்லாம் செய்தவர் அவள் புருசன் கருப்பையா. உழவு மெசின் ஓட்டுகிறவர். நாகம்மாவைக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏற்றியவர்.

கருப்பையாவின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, எங்கள் ஆட்களுடைய வயலில் கூலிக்கு நின்றவர்கள். காடு வெட்டிய முக்கால்வாசிக் கை அவர்களுடையது. வெட்டிய காட்டுக்குப் பெயர் மட்டும் எங்களுடையது. அந்தக் குடும்பத்துப் பொடியனைத் தவமணி விரும்பிக் கட்டினாள். தகப்பன் அவளைத் தலைமுழுகினார். அவர் செத்தபோது அவருடைய தம்பி, பிள்ளைகளின் சித்தப்பா, யாழ்ப்பாணத்தில் அச்சடிப்பித்த கல்வெட்டில் அவருக்கு இரண்டு பிள்ளைகள்தான். தவமணி அன்று வாசலுக்கு வெளியே நின்று, தன்னைப் பெறாத தகப்பனுக்காக அழுதாள்.

இந்த முறை அவள் நேரே என்னிடம் வந்தாள். என் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"ரீச்சர், எனக்குக் காணியும் வேண்டாம், அம்மான்ர நகையும் வேண்டாம். என்ர பேரும் இவற்ற பேரும் அம்மான்ர கல்வெட்டில வரவேணும். நீங்கள் வாசிக்கேக்குள்ள சபைக்குக் கேக்கவேணும். அதுக்கு மேல நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

பாலனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள தொல்லை. கெட்டவன் என்றால் இரண்டு ஏச்சோடு முடித்திருக்கலாம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, தனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சித்தப்பா என்றான்.

சித்தப்பா ஏற்கெனவே தொலைபேசி எடுத்துவிட்டார். மலைநாட்டில் இருந்து வந்தவர்களை எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் சொல்லும் ஒரு சொல் இருக்கிறது, இந்தப் பத்திரிகை அதை அச்சிடாது. அந்தச் சொல்லைச் சொல்லி, அந்தப் பெயர் கல்வெட்டில் வந்தால் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வான்கூட வராது என்றிருக்கிறார். சித்தப்பா வராத வீட்டுக்கிருத்தியமா என்று செல்வி ஜேர்மனியில் இருந்து அழுதிருக்கிறாள். பாலனுக்கு நித்திரை போய்விட்டது.

புறா போட்ட அட்டை

இரண்டு நாள் கழித்து மலர்ந்த முகத்தோடு வந்தான். கையுறை போட்டிருந்தான். கறுப்பு அட்டை ஒன்றைக் கண்ணாடிப் பைக்குள் இருந்து எடுத்து மேசையில் வைத்தான்.

அந்தப் புல்வெளியில் அந்தக் காலத்தில் ஒருவர் செத்தால் இப்படி ஒரு அட்டைதான் அச்சடிப்பார்களாம். கறுப்பில் பொன்னெழுத்து, மேலே ஒரு புறா, செத்தவரின் பெயர், வயது, மறக்கமாட்டோம் என்று ஒரு வரி. பாட்டில்லை, புலம்பல் இல்லை, மக்கள் மருமக்கள் பட்டியல் இல்லை. எவ்வளவு அடக்கம், எவ்வளவு அழகு என்றான். அம்மாவுக்கும் இப்படியே செய்வோம் என்றான்.

"ஒருத்தற்ற பேரும் இல்லாட்டி ஒருத்தருக்கும் கோவம் வராதுதானே ரீச்சர்."

ஏமாற்றத்தை மறைக்கமாட்டேன். கிழவிகளுக்கான பாட்டை நான் நாகம்மாவுக்காகக் கொஞ்சம் மெருகேற்றி வைத்திருந்தேன். ஆனால் எனக்குச் சுட்டது அதுவல்ல. தனக்குச் சித்தப்பாவிடம் பயம் என்று நேரே சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். பயத்துக்குப் புறா வரைந்து, பொன்னெழுத்துப் பூசி, அதை அழகு என்று என் மேசையில் வைத்துவிட்டான். இன்னும் நூறு வருசத்தில் உன்னைப் போல ஒரு விசரன் இந்த அட்டையைக் கையுறை போட்டு எடுத்துப் பார்த்தால், நாகம்மா பிள்ளை இல்லாமல் செத்தா என்றல்லவா நினைப்பான் என்று கேட்டேன். அவனுக்கு நூறு வருசம் கழித்தும் ஒருவன் எடுத்துப் பார்ப்பான் என்ற இடம் மட்டும் பிடித்துக்கொண்டது. முகம் இன்னும் மலர்ந்தது.

கிளிநொச்சியில் அச்சகக்காரருக்கு வேலை விளங்கவில்லை. கறுப்பில் பொன்னெழுத்துக்கு ஏற்ற அட்டை அவரிடம் கலியாண அட்டைக்காக வாங்கி வைத்ததில்தான் இருந்தது. புறாவும் கலியாணப் புறாதான், இரண்டாக இருந்ததில் ஒன்றை அழித்துவிட்டார். அழிக்க முடியாதது வாசம். கலியாண அட்டைக்குப் போடுகிற மல்லிகை வாசம் அட்டையில் ஊறியிருந்தது. கட்டைப் பிரித்தபோது செத்த வீடு முழுக்கக் கலியாணப் பொம்பிளை வீட்டு மணம்.

தவமணி ஒன்றை எடுத்து முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெறும் கறுப்பு. கட்டோடு திரும்ப வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவ்வளவுதானோ?

வீட்டுக்கிருத்தியத்துக்குச் சித்தப்பாவின் வான் வந்தது. சித்தப்பா முன்வரிசைப் பாயில், சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி இருந்தார். மூட்டு வருத்தம் என்றார்கள். அந்த ஒரு காலுக்கு மூன்று பேர் இருக்கக்கூடிய இடம் போனது. செல்வி ஒரு தலையணையில் சாத்திவைத்த தொலைபேசிக்குள் இருந்தாள். கருப்பையா பந்தலுக்குப் பின்னால் சமையல் கிடாரத்தடியில், சாம்பாருக்கும் தண்ணீருக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். காலையில் இருந்து அவரை ஒருவரும் இருக்கச் சொல்லவில்லை, அவரும் இருக்கவில்லை.

ஐயர் முடித்ததும், கல்வெட்டு என்று சபையில் குரல் எழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்துத் தயாரானார்கள். நான் அட்டையை எடுத்தேன். நாகம்மாவின் பெயரை வாசித்தேன். வயதை வாசித்தேன். மறக்கமாட்டோம் என்று வாசித்தேன். முடிந்துவிட்டது. இராகம் எடுக்கக்கூட இடமில்லை.

ஒருவரும் அழவில்லை. மூக்குச் சிந்த எடுத்த தலைப்புகள் அந்தரத்தில் நின்றன.

"அவ்வளவுதானோ?" என்றார் கந்தையர்.

சாப்பாடு வேக இன்னும் நேரம் இருந்தது. சபை பாலனைப் பார்த்தது. பாலனுக்கு வியர்த்தது. வியர்த்தால் அவன் என்ன செய்வான் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உள்ளே போய்க் கையுறையோடும் அசல் கறுப்பு அட்டையோடும் வந்தான்.

இது மார்த்தா என்றான். மண் வெட்டி அடுக்கிய வீட்டில் வாழ்ந்து, பிள்ளைப்பெறுவில் பாதி, பனியில் பாதி என்று காலத்தைப் போக்கிச் செத்த ஒரு மனுசி. அட்டையில் அவளுடைய பெயர் மட்டுந்தான் இருக்கிறது, ஆனால் தான் விடவில்லை என்றான். பனி கொட்டக் கொட்டக் காரோடிச் சேமக்காலைக் கல்லறைகளில் தேடி, பழைய பத்திரிகைகளைக் கிளறி அவளுடைய பிள்ளைகள் எல்லாரையும் கண்டுபிடித்ததாகச் சொன்னான். யோன், வில்லியம், எமிலி, ரூத், ஹென்றி என்று வாய்ப்பாடு மாதிரிச் சொன்னான். சபை ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஆனா இன்னும் ஒரு பிள்ளை இருந்தது. கிளாரா. பத்திரிகையில போட்ட மரண அறிவித்தலில அவளின்ர பேரை விட்டுட்டினம். ஏனெண்டா அவள் அறுவடைக்கு வந்த ஒரு கூலிக்காரனைக் கட்டினவள். தாயைக் கடைசி வரைக்கும் பாத்தது அவள்தான். சொந்தத் தாயின்ர சாவில ஒரு பிள்ளையின்ர பேரை எப்பிடி விட..."

அந்த இடத்தில்தான் அவன் சொல்வது அவனுக்கே கேட்டது.

கிடாரத்தில் சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டது. சித்தப்பா கூரைத் தகரத்தை ஆராய்ந்தார்.

தவமணி குசினி வாசலில் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான். சத்தம் போடாமல், ஆனால் கடைசிப் பாய் வரைக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"அண்ணா, எங்கட அம்மாவுக்கு எத்தினை பிள்ளையள்?"

பாலன் தங்கையைப் பார்த்தான். சித்தப்பாவைப் பார்த்தான். கையில் இருந்த மார்த்தாவைப் பார்த்தான். அட்டையைத் தலையணையில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினான். மூன்று என்றான்.

"அப்ப பேரைச் சொல்லுங்கோ. ரீச்சர் வாசிக்கட்டும்."

சொன்னான். பாலன் என்றான், செல்வி என்றான், கொஞ்சம் நின்று தவமணி என்றான். நான் ஒவ்வொன்றையும் என் கல்வெட்டுக் குரலில் எடுத்து இராகத்தோடு சபைக்கு விட்டேன். தவமணியின் பெயருக்கு மட்டும் கொஞ்சம் நீட்டினேன், எழுதுகிறவளுக்கு அந்தளவு உரிமை இருக்கிறது. பின்னால் ஒரு பெண் விம்மத் தொடங்கினா. பிறகு மருமக்கள். தன் மனைவியின் பெயரைச் சொன்னான், செல்வியின் புருசன் பெயரைச் சொன்னான். அதற்கு மேல் அவன் வாய் திறந்தபடி நின்றது.

அவனுக்குத் தெரியாது. ஒரு மாதம் ஒரே முற்றத்தில் இருந்து, அந்த மனிதன் வார்த்த தண்ணீரில் குளித்தவன். மார்த்தாவின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவன். தங்கையின் புருசனை அவன் இஞ்சேரும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"அவற்ற... பேர்?" என்று தங்கையைக் கேட்டான்.

எங்கள் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்வதில்லை. இப்போதுள்ள பிள்ளைகள் சொல்கிறார்கள், தவமணியின் வயதில் உள்ளவர்கள் வாக்குப் போடப் போனால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் சொல்லச் சொல்வார்கள். நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தவமணி நிமிர்ந்து நின்று, தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுவதாகச் சொன்னாள்.

"பெருமாள் கருப்பையா."

எழுதி வைத்த அழுகை எல்லாம் எனக்குப் பழக்கம், இது பழக்கமில்லை. ஆனாலும் எடுத்தேன். அன்பு மருமகன் பெருமாள் கருப்பையா என்று எவ்வளவு குரல் இருந்ததோ அவ்வளவையும் போட்டு வாசித்தேன். வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

கிடாரத்தடிக்கும் கேட்டிருக்கிறது. கருப்பையா ஒரு கையில் வாளியோடு, தோளில் துவாயோடு, பந்தலுக்குள் ஓடிவந்தார். அந்த முற்றத்தில் அவருடைய பெயரை ஒருவர் உரக்கச் சொன்னால் அது ஏதாவது வேலைக்காகத்தான் இருக்கும்.

"கூப்பிட்டீங்களா ரீச்சர்? தண்ணி பத்தலையா?"

சபை முழுக்க அழுதது. நாகம்மாவுக்காக அழுதார்களா, வேறெதற்காகவா, நான் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் பயந்துபோய், என்ன பிழை நடந்தது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தவமணி போய் அவர் கையில் இருந்த வாளியை வாங்கினாள். இல்லை, ஒரு வேலையும் இல்லை, வந்து முன்னுக்கு இருங்கோ என்றாள்.

முன்வரிசையில் இடம் இல்லை. சித்தப்பாவின் கால்தான் இருந்தது. கருப்பையா அதன் பக்கத்தில் வந்து, ஈரக் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பா கூரையைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். பிறகு காலை மடக்கினார். மனம் வந்து மடக்கினாரா, விறைத்துப்போய் மடக்கினாரா என்று நான் கேட்கவில்லை. கருப்பையா உட்கார அந்த இடம் போதுமாயிருந்தது.